ஆறாத புண்ணும் ஆறிய புண்ணும்

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கண்ட முடிவு. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது சென்ற ஆண்டில், என் தந்தையின் படுக்கையருகில் நின்றபோதுதான்.

என் தந்தை மண்டியில் மூட்டை தூக்குபவர். பல மாதங்களாக அவருக்கு வயிற்றில் எரிச்சல் இருந்து வந்தது. சோடா குடிப்பார்; ஓமத்தண்ணீர் குடிப்பார்; மறுநாள் மூட்டை தூக்கப் போய்விடுவார். ஒருநாள் வலுக்கட்டாயமாக அழைத்துச் சென்று சோதித்ததில், இரைப்பையின் உட்சுவரில் சிறு கட்டி ஒன்று தெரிந்தது. தொடக்க நிலையிலேயே கண்டுகொண்டதால் வயிற்றைக் கிழிக்கவேண்டிய தேவை இல்லை என்றார் மருத்துவர். வாய்வழியே எண்டாஸ்கோப் குழாயைச் செலுத்தி, கட்டிக்கு அடியில் மருந்துநீரை ஊசியால் ஏற்றி அதை மேலெழச் செய்து, சிறு கத்தியால் சுற்றிலும் கீறி, உட்படலத்தோடு சேர்த்து உரித்தெடுத்துவிட்டனர். மூன்றாம் நாளே தந்தையார் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

கட்டி போன இடத்தில் ஒரு புண் இருக்கும், அது ஆறும்வரை எட்டு வாரங்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பாக விடாமல் சாப்பிடவேண்டும் என்று மருத்துவர் என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தானே! ஆனால் பருவத் தேர்வு வந்தது. நான் விடுதிக்கு வந்துவிட்டேன். வலியே இல்லையே, பிறகு எதற்கு மாத்திரை என்று தந்தையார் நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அவருக்குத் தார்போலக் கறுத்த மலம் போயிற்று, தலைசுற்றி விழுந்தார். புண்ணிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது. மறுபடியும் குழாய் செலுத்தி இரத்தக் குழலைச் சுட்டு அடைத்தார்கள். அருகிருந்து பார்த்துக்கொள்பவர் யார் என்று மருத்துவர் கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன். வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு நான், தவறியவனும் நானே.

வலிக்காத புண்ணை ஏன் அஞ்சவேண்டும்? உண்ட இறைச்சியைக் கரைக்கும் அமிலம் உண்டவனின் வயிற்றைக் கரைக்காதது ஏன்? கட்டி எடுத்த பிறகு மட்டும் அது பகையாவது ஏன்? இந்தக் கேள்விகளோடு எங்கள் துறைப் பேராசிரியரிடம் போனேன். அவர் நேரடியாக விடை சொல்லவில்லை. வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் வரலாற்றைப் படித்துவிட்டு வரும்படி கூறினார். நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை என் கல்லூரித் தோழர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

வில்லியம் போமான்ட் 1785ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லெபனான் என்ற ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஏர்பிடித்து வாழ்வதில் அவருக்கு மனம் செல்லவில்லை. 1806ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஒரு குதிரை, பனியில் சறுக்கிச் செல்லும் ஒரு வண்டி, ஒரு பீப்பாய் ஆப்பிள் மது, நூறு டாலர் பணம் ஆகியவற்றோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். நியூயார்க் மாநிலத்தின் வட எல்லையிலுள்ள சாம்ப்ளேன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியரானார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, இரவல் வாங்கிய மருத்துவ நூல்களை ஓய்வு நேரங்களில் படித்தார்.

போமான்ட் எந்த மருத்துவக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். வெர்மான்ட் மாநிலத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் பெஞ்சமின் சாண்ட்லர் என்ற மருத்துவரிடம் குருகுல மாணவரைப்போலத் தங்கித் தொழில் கற்றார். மருந்து இடிப்பது முதல் புண் கட்டுவது வரை எல்லாம் அங்கே பழகினார். பார்த்ததை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வழக்கமும் அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது இந்த வழக்கமே. 1812இல் மருத்துவத் தொழில் செய்ய உரிமம் கிடைத்தது.

அதே ஆண்டில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. போமான்ட் படையில் துணை அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1813 ஏப்ரலில் கனடாவின் யார்க் நகரைத் தாக்கியபோது வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துச் சிதறிப் பெருந்தொகையான வீரர்கள் உருக்குலைந்தனர். இருபத்தேழு வயது இளைஞரான போமான்ட் இரவு பகலாகக் கைகால்களை அறுத்தும் மண்டையோட்டைத் துளைத்தும் உயிர்களைக் காக்கப் போராடினார். நூல்கள் கற்றுத் தராத துணிவை அந்தப் போர்க்களம் அவருக்குக் கற்றுத் தந்தது எனலாம்.

போர் முடிந்து சில ஆண்டுகள் பிளாட்ஸ்பர்க் நகரில் தனியாகத் தொழில் செய்த பின், மறுபடியும் படையில் சேர்ந்தார். 1820இல் மாக்கினா தீவிலிருந்த கோட்டைக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். மறு ஆண்டு டெபோரா என்ற பெண்மணியை மணந்துகொண்டார்.

1822 ஜூன் 6

மிச்சிகன் ஏரியும் ஹூரான் ஏரியும் கூடுமிடத்தில் உள்ளது மாக்கினா தீவு. அக்காலத்தில் அது விலங்குத்தோல் வணிகத்தின் பெரிய சந்தை. குளிர்காலம் முழுவதும் காடுகளில் சேர்த்த தோல் மூட்டைகளைப் படகோட்டிகள் கோடையில் அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். பெரும்பாலோர் பிரெஞ்சு மொழி பேசும் கனடா நாட்டு ஏழைகள். ஆற்றில் படகு செல்லமுடியாத இடங்களில் மூட்டைகளை முதுகில் சுமந்து கடப்பதும் அவர்கள் வேலை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் மண்டியும் தந்தையின் முதுகும் நினைவுக்கு வந்தன.

அவர்களில் ஒருவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். அவருக்கு அப்போது பதினெட்டு வயது என்று போமான்ட் குறித்துள்ளார். 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் காலை அமெரிக்கன் தோல் கம்பெனியின் கடையில், ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மிக அருகில் நின்றிருந்த அலெக்சிஸின் இடது மார்புக்குக் கீழே உள்ளங்கையைவிடப் பெரிய புண். விலா எலும்புகள் நொறுங்கின. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதன் கீழே இரைப்பையில் ஒரு துளை. அன்று காலையில் அவர் உண்ட உணவு அத்துளை வழியே வழிந்துகொண்டிருந்தது.

அரைமணி நேரத்துக்குள் போமான்ட் வந்து சேர்ந்தார். பிழைப்பார் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. ஆயினும் கைவிடவில்லை. எலும்புத் துண்டுகளையும் துணிக் கிழிசல்களையும் நீக்கி, நுரையீரலை உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டார். முதல் பதினேழு நாட்களுக்கு உண்டதெல்லாம் புண்வழியே வெளியேறியது. மலக்குடல் வழியே ஊட்டநீர் செலுத்தி உயிரைத் தாங்கிப் பிடித்தார். மயக்க மருந்தும் நுண்கிருமி அறிவும் வருவதற்கு முந்தைய காலம் அது என்பதை நாம் நினைவிற்கொள்ளவேண்டும். அலெக்சிஸ் பிழைத்தார், மெல்ல மெல்ல எழுந்து நடந்தார்.

ஆனால் புண் முழுவதும் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பும் மார்புச் சுவரின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் நிலைத்துவிட்டது. தையலிட்டு மூடுவதற்கு அலெக்சிஸ் இணங்கவில்லை என்று போமான்ட் எழுதிவைத்திருக்கிறார். அலெக்சிஸ் தம் பக்கத்து நியாயத்தை எழுதிவைக்கவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது.

1823 ஏப்ரலில் உள்ளூர் அதிகாரிகள் இனி இவருக்குச் செலவழிக்க முடியாது என்று கைவிரித்தனர். திறந்த படகில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட முடிவு செய்தனர். அந்தப் பயணத்தில் அவர் இறந்துபோவார் என்று அஞ்சிய போமான்ட், தம் சிறிய சம்பளத்திலேயே அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து உணவும் உடையும் தந்து காத்தார். இது அவருடைய வாழ்வின் பொன்னான பக்கம்.

வயிற்றுக்கு ஒரு சாளரம்

உணவு எவ்வாறு செரிக்கிறது என்பதில் அந்நாள் அறிஞர்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. இரைப்பை அம்மிபோல அரைக்கிறது என்றனர் ஒரு சாரார். அடுப்புப்போல வேகவைக்கிறது என்றனர் மற்றொரு சாரார். மாவு புளிப்பதுபோலப் புளிக்கிறது என்றும் சிலர் கருதினர். இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி துணிப்பையில் உணவைக் கட்டித் தாமே விழுங்கிச் சோதித்தார். ஆயினும் உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் நாள்தோறும் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு அதுவரை ஆய்வாளர்களுக்கு மிக அரிதாகவே கிட்டியிருந்தது. போமான்டின் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்த அலெக்சிஸின் உடலில் அப்படியொரு சாளரம் திறந்திருந்தது.

1825இல் ஆய்வுகள் தொடங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாள் நண்பகலில், சமைத்த மாட்டிறைச்சி, பச்சை மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோசு முதலியவற்றைப் பட்டு நூலில் இடைவிட்டுக் கட்டித் துவாரத்தின் வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தபோது கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சித் துண்டுகள் அப்படியே இருந்தன. மறுபடியும் இறக்கி, இன்னும் ஒரு மணி நேரத்துக்குப் பின் எடுத்தபோது பலவும் மறைந்து நூல் மட்டும் வந்தது.

சில நாட்களுக்குப் பின் செய்த சோதனை இன்னும் முக்கியமானது. இரைப்பை நீரைக் குழாய் மூலம் வெளியே எடுத்துச் சிறு புட்டியில் ஊற்றி, அதில் ஒரு துண்டு இறைச்சியை இட்டு, உடற்சூட்டுக்குச் சமமாக 100 டிகிரி பாரன்ஹீட் வெந்நீரில் வைத்தார். நாற்பது நிமிடத்தில் இறைச்சியின் மேற்புறம் கரையத் தொடங்கியது. அன்றிரவுக்குள் முழுவதும் கரைந்துவிட்டது. அரைக்கும் தசையும் இல்லை, உயிரும் இல்லை. ஆயினும் செரிமானம் நடந்தது. செரிப்பது ஒரு வேதிச் செயல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்த ஆய்வுகள் அலெக்சிஸுக்கு எளிதாக இருக்கவில்லை. நீரை எடுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குழி அமிழ்வதுபோல இருக்கும்; மயக்கம் வரும். பசியோடு காத்திருக்கவேண்டும். புட்டிகளைச் சூடாக வைக்க அவருடைய அக்குளையே பயன்படுத்திய நாட்களும் உண்டு. 1825இலேயே அவர் சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அங்கே மணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தன, மீண்டும் படகோட்டியாக உழைத்தார். மார்பில் துளையோடு மூட்டை சுமந்த அந்த உடலுறுதியை என்னென்பது!

போமான்ட் விடவில்லை. தோல் கம்பெனியின் ஆட்கள் மூலம் தேடிக் கண்டுபிடித்து, 1829இல் மனைவி மக்களோடு அவரை மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த கிராஃபோர்டு கோட்டைக்கு வரவழைத்தார். 1831 வரை அங்கே ஆய்வு நடந்தது. பின் குடும்பம் ஊர் திரும்பியது. 1832இல் மூன்றாம் முறையாக அழைத்தபோது முறையான ஒப்பந்தமே எழுதப்பட்டது. ஓராண்டுக் காலம் மருத்துவர் சொல்லும் சோதனைகளுக்கு உடன்படவேண்டும். உணவு, உடை, தங்குமிடத்தோடு 150 டாலர் ஊதியம். ஒப்பந்தத்தின் அடியில் அலெக்சிஸ் இட்டது கையெழுத்தன்று, ஒரு பெருக்கல் குறி.

கண்ட உண்மைகள்

1833இல் பிளாட்ஸ்பர்க் நகரில் போமான்டின் நூல் வெளிவந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளும், அவற்றிலிருந்து பெற்ற 51 முடிவுகளும் அதில் உள்ளன. இரைப்பை நீரை அவர் அறிஞர்களான டங்கிளிசன், சில்லிமன் ஆகியோருக்கு அனுப்பிச் சோதிக்கச் செய்தார். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பது உறுதியாயிற்று. இங்கிலாந்தில் வில்லியம் பிரவுட் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்து சொன்னதற்கு இது வலிமை சேர்த்தது. அமிலம் மட்டும் போதாது, அதோடு வேறொரு பொருளும் இருக்கவேண்டும் என்று போமான்ட் ஊகித்தார். அப்பொருளே 1836இல் தியோடர் ஷ்வான் கண்டுபிடித்துப் பெயரிட்ட பெப்சின்.

எவ்வுணவு எவ்வளவு நேரத்தில் இரைப்பையை விட்டு நீங்குகிறது என்று அவர் ஒரு பட்டியலே தந்தார். வேகவைத்த அரிசிக்கு ஒரு மணி நேரம். நன்கு வெந்த முட்டைக்கு மூன்றரை மணி. வாட்டிய பன்றி இறைச்சிக்கு ஐந்தேகால் மணி. பசித்த வயிற்றில் இரைப்பை நீர் தேங்கி நிற்பதில்லை, உணவு வந்த பின்பே ஊறுகிறது என்பதையும் கண்டார். சினம் கொண்டபோது செரிமானம் கெடுவதையும் குறித்தார்.

என் கேள்விக்கு விடை கிடைத்தது இவற்றையடுத்துள்ள பகுதியில்தான். அலெக்சிஸ் சில நாட்கள் தொடர்ந்து மது அருந்திய பின், போமான்ட் துவாரத்தின் வழியே பார்த்தார். இளஞ்சிவப்பாக மினுமினுக்கவேண்டிய உட்படலம் கன்றிச் சிவந்து, ஆங்காங்கே புண்பட்டு, சில இடங்களில் இரத்தம் துளிர்த்திருந்தது. ஆனால் அலெக்சிஸ் வலி என்று சொல்லவில்லை. பசியும் வழக்கம்போலவே இருந்தது. எளிய உணவில் சில நாட்கள் இருந்ததும் படலம் பழைய நிலைக்குத் திரும்பியது. வலியில்லாமலே இரைப்பை புண்படும் என்பதையும், இடம் கொடுத்தால் அது தானே ஆறும் என்பதையும் போமான்ட் கண்ணாரக் கண்டு எழுதிவிட்டார். என் தந்தையும் நானும் அறியாமல் போன செய்தி, 1833லேயே அச்சேறியிருந்தது!

இறுதி நாட்கள்

1834இல் ஊருக்குப் போய்வருவதாகச் சொல்லிச் சென்ற அலெக்சிஸ் அதன்பின் போமான்டிடம் திரும்பவே இல்லை. ஆய்வுக்குச் செலவான சொந்தப் பணத்தைத் தரும்படி போமான்ட் அமெரிக்கப் பேரவைக்கு விண்ணப்பித்தார், அது ஏற்கப்படவில்லை. செயின்ட் லூயிஸ் நகருக்கு மாற்றப்பட்டு, பின் படையைவிட்டு விலகி அங்கேயே மருத்துவம் செய்தார். தாம் இறப்பதற்கு முந்தைய ஆண்டு வரை அலெக்சிஸை வரும்படி கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். வறுமையில் உழன்ற அலெக்சிஸ் பணம் கேட்டுப் பதில் எழுதுவிப்பார், வரமாட்டார். 1853ஆம் ஆண்டு பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட போமான்ட், ஏப்ரல் 25ஆம் நாள் காலமானார்.

அலெக்சிஸ் அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். மூடாத துவாரத்தோடு, விறகு வெட்டியும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தார். இடையில் ஒருவர் அவரை நகரம் நகரமாக அழைத்துச் சென்று காட்சிப்பொருளாக்கியதும் உண்டு. 1880 ஜூன் 24ஆம் நாள் கியூபெக்கில் இறந்தார். புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அந்த இரைப்பையைப் பெற்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் வைக்க விரும்பினார். குடும்பத்தினர் மறுத்துவிட்டனர். மருத்துவர்களுக்குப் பயன்படாதபடி உடலைக் கோடை வெயிலில் நாட்கணக்கில் வைத்திருந்து, எட்டடி ஆழத்தில் புதைத்தனர். உயிரோடு இருந்தபோது திறந்தே கிடந்த உடலை, இறந்த பின்னாவது மூடிவைக்க அவர்கள் விரும்பினர் போலும்.

சாளரம் வழியே வந்த வெளிச்சம்

போமான்ட் புண்வழியே பார்த்ததைப் புண்ணில்லாமல் பார்க்கப் பின்னோர் வழி தேடினர். 1868இல் ஜெர்மனியில் குஸ்மால் என்பவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் உதவியோடு நேரான குழாயை இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். வளையும் கண்ணாடி இழைக் குழாய் 1957இல் வந்தது. வியன்னாவில் தியோடர் பில்ராத் 1881இல் புற்றுக் கட்டியோடு இரைப்பையின் பகுதியை அறுத்தெடுத்து வெற்றி கண்டார். ஆனால் அந்த அம்மையார் நோய் பரவியதால் சில மாதங்களில் இறந்தார். கட்டி தொடக்க நிலையிலிருந்தால் உட்படலத்தை மட்டும் உரித்தெடுக்கும் இன்றைய முறையை 1990களின் இறுதியில் ஜப்பானிய மருத்துவர்கள் செப்பம் செய்தனர்.

மருந்தும் வளர்ந்தது. அமிலம் இல்லையேல் இரைப்பைப் புண் இல்லை என்று 1910இல் கார்ல் ஷ்வார்ஸ் வரையறுத்தார். ஜேம்ஸ் பிளாக் குழுவினர் உருவாக்கிய சிமெட்டிடின் என்ற அமிலக் குறைப்பு மருந்து 1976இல் விற்பனைக்கு வந்தது. 1988இல் ஒமிப்ரசோல் வந்தது. என் தந்தை விழுங்கிய பான்டோபிரசோல் இதன் உறவு. இரைப்பைச் சுவரிலுள்ள சில செல்களில் அமிலத்தை வெளியே இறைக்கும் நுண்ணிய இறைப்பான்கள் உள்ளன. இம்மருந்து அவற்றைப் பூட்டிவிடுகிறது. உணவு வந்ததும் இறைப்பான்கள் வேலையைத் தொடங்கும். ஆகவே அதற்குமுன் மருந்து இரத்தத்தில் தயாராக இருக்கவேண்டும். காலை உணவுக்கு முன் சாப்பிடச் சொல்வதன் காரணம் இதுவே. பல புண்களுக்கு வேறொரு காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரை 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் கண்டறிந்தனர். தந்தையாருக்கு அது இருக்கிறதா என்று சோதித்து, இருந்ததால் அதற்கும் தனி மருந்து கொடுத்தார்கள். அது தங்கினால் புதிய கட்டி தோன்றும் வாய்ப்பு கூடும்.

இப்போது பேராசிரியரின் முன் நான் விடை சொல்லத் தயாரானேன். இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று பூச்சுப்போல மூடிக் காக்கிறது. அதன் செல்களும் சில நாட்களுக்கொருமுறை புதிதாகின்றன. ஆகவே அமிலம் அதைத் தீண்டுவதில்லை. கட்டியை உரித்தெடுத்த இடத்திலோ அந்தப் பூச்சும் இல்லை, செல்களும் இல்லை. இரத்தக் குழல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. இறைச்சியைப் புட்டிக்குள் கரைத்த அதே நீர் இப்போது தன் வீட்டுச் சுவரையே கரைக்கிறது. புண்ணை மூடும் இரத்தக் கட்டையும் இளக்குகிறது. அமிலம் குறைந்தால் பெப்சின் செயலற்றுப் போகும். இரத்தக் கட்டு உறுதிப்படும். சுற்றிலுமுள்ள செல்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பரவும். புண்ணை ஆற்றுவது மாத்திரையன்று, உடலே. மாத்திரை அதற்கு எட்டு வாரம் அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தில்தான் நான் என் தந்தையைக் கைவிட்டிருந்தேன்.

இரண்டாம் முறை வீடு வந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் காலை ஆறரை மணிக்கு விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய் அட்டையில் மீதி மாத்திரைகளை எண்ணினேன். எட்டு வாரம் முடிந்து குழாய் செலுத்திப் பார்த்தபோது, புண் இருந்த இடத்தில் நாற்புறமும் இழுத்துத் தைத்ததுபோல ஒரு வடு மட்டுமே இருந்தது. மருத்துவர் அதைத் திரையில் காட்டினார். எடுத்த கட்டியின் ஓரங்களில் நோய் இல்லை என்ற செய்தியும் முன்னரே வந்திருந்தது. ஆண்டுதோறும் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவனா, அவரா?

இக்கட்டுரையின் முதல் படியை விடுமுறையில் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் ஒன்று கேட்டார். வைத்தியரை அவர், இவர் என்று எழுதியிருக்கிறாய். மூட்டை தூக்கியவரை மட்டும் அவன், இவன் என்று எழுதியிருக்கிறாயே, ஏன் என்றார். எனக்குப் பதில் இல்லை. படித்த நூல்கள் எனக்கு அப்படித்தான் பழக்கியிருந்தன போலும். அன்றிரவே உட்கார்ந்து எல்லா இடங்களிலும் திருத்தினேன்.

போமான்ட் பெரியவர், ஐயமில்லை. சாகக் கிடந்த ஏழையைத் தம் வீட்டில் வைத்துக் காத்தவர். கல்லூரி காணாத அவர், கண்டதைக் கண்டபடி எழுதி உலகுக்கு ஒரு புதிய அறிவைத் தந்தார். ஆனால் காத்த கையே கட்டவும் செய்தது. மாதக்கணக்கில் பசியையும் மயக்கத்தையும் தாங்கிய அலெக்சிஸுக்கு அந்த அறிவால் கிடைத்தது 150 டாலர் ஊதியமும் ஊரார் வேடிக்கையுமே. எண்டாஸ்கோப் அறைக்குள் போகுமுன் என் தந்தையிடம் ஒரு தாளை நீட்டி, என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து நேரலாம் என்று தமிழில் விளக்கிய பிறகே ஒப்பம் கேட்டார்கள். அறிவொளி இயக்கத்தில் எழுதக் கற்ற அவர், பெரிய பெரிய எழுத்துக்களில் தம் பெயரை எழுதினார். அலெக்சிஸின் பெருக்கல் குறிக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையே மருத்துவம் நடந்து வந்த தூரம், மாத்திரைகளின் வரலாற்றைவிடக் குறைந்ததன்று.

வள்ளுவர் நான்கு கூறுகளைச் சொன்னபோது மருத்துவரை முதலில் வைக்கவில்லை, மருந்தையும் வைக்கவில்லை. நோயுற்றவரையே முதலில் வைத்தார். ஆறாத புண்ணோடு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் வயிற்றிலிருந்து தொடங்கியதே என் தந்தையின் புண்ணை ஆற்றிய அறிவு. வில்லியம் போமான்டின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் விருப்பம். நம் வீடுகளில் நோயுற்றவர் இருந்தால், நாம் நான்காவது கூறு என்பதை மறவாதிருக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.